எல்லை தாண்டிக் குடித்தவர், எல்லை தாண்டிக் கூட்டத்துக்கும் போகலாம்

மாதத்தின் முதல் தேதி எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான தேதி. அன்றைக்குக் கேரளாவில் அரசு மதுக்கடைகளான பெவ்கோ கடைகளுக்கு லீவு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து பைக்குகள் எல்லாம் கிழக்கே திரும்பும். மதியம் 12 மணிக்கு அந்தப் பக்கத்து டாஸ்மாக் ஷட்டர் ஏறும்போது வாசலில் கே.எல். நம்பர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் கோவை, பொள்ளாச்சி ஆட்கள் மேற்கே வந்து எங்கள் கள்ளு ஷாப்புகளில் உட்காருவார்கள். குடிக்க அங்கே 21 வயது ஆக வேண்டும், இங்கே 23. அந்த இரண்டு வயதுக்காகவும் எல்லை தாண்டுகிறவர்கள் உண்டு.

1996-இல் கேரளா சாராயத்தைத் தடை செய்தது. 2014-இல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடப்போவதாக அறிவித்து, 2017-இல் அதைத் தளர்த்தியது. மற்ற ஊர்களில் இதெல்லாம் பெரிய சேதி. எங்கள் ஊரில் பஸ் ரூட் மாறியது, அவ்வளவுதான்.

எந்தக் கடை எப்போது திறக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பத்தாவது படிக்கிற பையன்கூடச் சொல்வான். குடியை விட்டவர்கள் வாரா வாரம் கூடி உட்காருகிற ஓர் அறை இருக்கிறது, அது எங்கே என்று கேட்டால் பஞ்சாயத்து மெம்பருக்கே தெரியாது. என் சித்தப்பாவுக்காக அதைத் தேடி அலைந்தபோது தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நாடு முழுக்கவே நிலைமை இதுதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

எல்லோரும் சுருக்கமாக ‘ஏ.ஏ. மீட்டிங்’ என்று சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டத்தை. அது ஆஸ்பத்திரியும் இல்லை, மறுவாழ்வு மையமும் இல்லை. அங்கே டாக்டர் இல்லை, ஃபீஸ் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதுவே உறுப்பினர் தகுதி. அது தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டால் அது எப்படி வேலை செய்கிறது என்பது பாதி புரிந்துவிடும். 1935 மே மாதம். நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் ஒருவர் வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டுவிட்டது. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டல் கூடத்தின் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ‘என்னை மாதிரி ஒரு குடிகாரரோடு நான் பேச வேண்டும்’ என்று கேட்டார். யாரோ சொல்லி யாரோ கேட்டு, கடைசியில் அவ்வூர் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அன்று ஆபரேஷன் செய்யக் கை நடுங்காமலிருக்க ஒரு பீர் குடித்தாராம்.

இதில் நான் கவனித்த சங்கதி ஒன்று. டெலிபோன் செய்தவர் இன்னொருத்தரைத் திருத்தக் கிளம்பவில்லை. தான் குடிக்காமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் ஆள் தேடினார். கூட்டத்தில் பத்து வருடம் குடிக்காதவர் இன்னமும் ஏன் வாரா வாரம் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறார் என்று சித்தப்பா கேட்டார். அதற்குப் பதில் இந்தக் கதையில் இருக்கிறது. புதிதாக வருகிறவரால் பழையவருக்கும் லாபம். அதனால்தான் அங்கே உபதேசத்தின் வாடை குறைவு.

இந்தியாவில் இது 1957-இல் பம்பாயில் தொடங்கியது. பொதுச் சேவை அலுவலகம் இன்றும் மும்பையில்தான். மேலிடத்திலிருந்து கட்டளை எதுவும் வராது. ஒவ்வொரு குழுவும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கிற மரபு. அரசியல்வாதி வந்து பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொள்ள முடியாத ஓர் அமைப்பு நம் நாட்டில் இருப்பதே எனக்கு ஆச்சரியம்.

அது உண்மையிலேயே பலன் தருகிறதா? நான் நம்பாமல்தான் ஆரம்பித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் கணக்கை அலசியது. ஏ.ஏ.-வோடு நோயாளியை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகளில் ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு அது. வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்குமானது இல்லை. ஆனாலும் காசு வாங்காத ஒரு முறை, காசு வாங்குகிற முறைகளுக்குக் குறையாமல் நிற்கிறது. 42 என்றால் பாதிக்கும் கீழே என்பதையும் வீட்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் டாக்டர், பிறகுதான் கூட்டம்

எங்கள் ஊர்களில் குடியை நிறுத்துவதற்குப் பழைய வழிகள் இருக்கின்றன. கோயிலில் கயிறு கட்டுவது, பழனிக்கோ சபரிமலைக்கோ மாலை போடுவது. மாலை போட்ட மனுசன் நாற்பத்தெட்டு நாளும் டீக்கடையோடு நிறுத்திக்கொள்வார். வீட்டில் அந்த நாற்பத்தெட்டு நாள்தான் தீபாவளி. மாலை கழற்றிய அன்று சாயங்காலம் ஷாப்பில் அவருக்கு இடம் தயாராக இருக்கும். இதை வைத்துக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். நாற்பத்தெட்டு நாள் முடிந்தது என்றால் முடியும் என்றுதானே அர்த்தம். ஒரே கோளாறு, அந்த விரதத்துக்குக் கடைசி நாள் ஒன்று உண்டு, மனசு முதல் நாளிலிருந்தே அதை எண்ணிக்கொண்டிருக்கும். ஏ.ஏ.-வில் ‘இன்னைக்கு ஒரு நாள் மட்டும்’ என்பார்கள். அதில் எண்ணுவதற்குக் கடைசி நாள் இல்லை.

மாலை விஷயத்தில் கேலியைவிட முக்கியமாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் திடுதிப்பென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன அம்மா வாசலில் நிற்கிறாள் என்பார்கள். விரதத்தில் இருக்கிறவருக்கு இப்படி ஆனால் சாமி வந்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்கிற வீடுகள் இருக்கின்றன. இது உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, சில நாளில் உடம்பை நிலைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரி, கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. கேரள கலால் துறையின் ‘விமுக்தி’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு போதை மீட்பு மையம் இருக்கிறது, அதற்கு 14405 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிட 14446 என்ற தேசிய உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. எல்லையில் டவர் மாறி மாறி விழும் எங்களுக்கு கடைசி இரண்டும்தான் வசதி.

மறுவாழ்வு மையம் என்ற பெயரில் ராத்திரி வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் கேட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். இன்னொன்று, சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று ரகசியமாக விற்கிற பொடியும் மாத்திரையும். அதில் டைசல்ஃபிராம் இருந்தால், அதைத் தின்றது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். அந்த மருந்து நல்ல மருந்துதான். குடிப்பவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்கும்போது மட்டும்.

‘கள்ளு மட்டும்தானே’ என்கிறவருக்கும் இதெல்லாம் பொருந்தும். சித்தூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்து இறங்கும் கள் கேரளாவின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. தென்னையைக் கள் இறக்க விட்டு வருகிற காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அதனால் கள்ளைக் குடி என்று சொன்னாலே கோபம் வரும். ஆல்கஹால் ஐந்தாறு சதவீதம்தான் என்றாலும் விடிகாலையிலிருந்து பானை பானையாக இறங்கினால் ஈரலுக்கு அது கள்ளா பிராந்தியா என்று தெரியாது. அதோடு, கலப்படத்துக்குக் கடத்தி வரும் ஸ்பிரிட் இந்த எல்லையில் புதுக் கதை இல்லை. 2020 அக்டோபரில் வாளையார் பக்கத்துச் செல்லன்காவு பழங்குடிக் காலனியில் விஷச் சாராயத்துக்கு ஐந்து பேர் செத்தார்கள்.

எந்தக் கூட்டம், எந்த மொழி

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை இந்திய ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம், அவர்களின் உதவி எண்ணிலும் கேட்கலாம். பட்டியல் சில நேரம் பழசாக இருக்கும். போன் செய்து இன்றைக்குக் கூட்டம் உண்டா என்று உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். நாங்கள் ஒரு தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் மூன்று ஷாப். அந்த ஒரு மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மனநலப் பிரிவு நர்ஸிடம் கேட்பதும் நல்ல வழி, பழைய உறுப்பினர்களின் போன் நம்பர் பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். சர்ச் வளாகத்தில் நிறையக் கூட்டங்கள் நடக்கும். அது அறை கொடுப்பதோடு சரி, மதம் மாற்றுகிற வேலை இல்லை. ஏ.ஏ.-வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும், ஆனால் ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற சொல்லோடு. சித்தப்பா கருப்பராயனை நினைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியார் கட்சிக்காரர் அந்தக் கூட்டத்தையே தனக்கு மேற்பட்ட சக்தியாக எடுத்துக்கொண்டதாகப் பிறகு டீ குடிக்கும்போது சொன்னார்.

மொழிதான் பெரிய சிக்கல். பாலக்காட்டுப் பக்கம் கூட்டம் மலையாளத்தில். சித்தப்பாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் அதில்தான். முதலில் அங்கேதான் போனோம். நல்ல மனிதர்கள். தமிழிலேயே பேசுங்கள், எங்களுக்குப் புரியும் என்றார்கள். ஆனால் மற்றவர்கள் பேசும்போது இவர் கேட்டாரே தவிர உள்ளே இறங்கவில்லை. திரும்பி வரும்போது, “அது மனு எழுதிக் குடுக்கற பாசை கண்ணு, அழுகற பாசை இல்ல” என்றார். கேரளாவில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம் என்று சட்டம் இடம் தருகிறது என்பது வேறு விஷயம்.

அதனால் கிழக்கே பார்த்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில் கூட்டம். ஒன்றரை மணி நேர பஸ். எங்களுக்கு அந்தத் தூரமே உபகாரமாகிப்போனது. சொந்த ஊரில், பக்கத்து டவுனில், சம்பந்தி வீட்டார் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இவரை இரண்டு வருடம் வீட்டிலேயே உட்கார வைத்திருந்தது. குடித்துவிட்டு நடுரோட்டில் விழுந்து கிடந்தது ஊருக்கே தெரியும், அதில் வெட்கமில்லை. நிறுத்தப் போகிறார் என்பது தெரிந்தால்தான் வெட்கம். இந்த வினோதத்தைப் புரிந்துகொள்ளாமல் எந்தக் குடும்பமும் ஆளைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போக முடியாது.

“நம்மூர்க்காரன் எவனாச்சும் அங்க இருந்தா?” என்று பஸ்ஸில் கேட்டார்.

“இருந்தா என்னங்க சித்தப்பா? அவரும் அதுக்குத்தான வந்திருப்பார்.”

அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டங்களில் இரண்டு வகை. ‘குளோஸ்டு’ என்றால் குடிநோயாளிகள் மட்டும். ‘ஓப்பன்’ என்றால் குடும்பத்தாரும் ஆர்வமுள்ள யாரும் வரலாம். நான் உள்ளே உட்கார்ந்தது ஓப்பன் மீட்டிங்கில். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் யார் என்ன பேசினார்கள் என்பதை எழுதப் போவதில்லை, அறையை மட்டும் சொல்கிறேன். சர்ச் வளாகத்தின் பின்கட்டு. பதினைந்து இருபது பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றின் கால் உடைந்து இன்னொன்றின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேசை மேல் நீலத் துணி, துணி மேல் ஒரு எவர்சில்வர் டப்பா. சுவரில் ஆணி அடித்து, கூட்டம் முடிந்ததும் கழற்றி மடித்து வைக்கிற ஒரு பேனர். ஃபேன் சத்தத்தில் மெதுவாகப் பேசுகிறவர் குரல் கேட்காது என்று ஒருவர் எழுந்துபோய் அதை நிறுத்தினார். எல்லோருக்கும் வேர்த்தது, யாரும் மறுபடி போடவில்லை.

உள்ளே நுழைந்ததும் ஒருவர், “வாங்க, உக்காருங்க. டீ எடுத்துக்குங்க” என்றார். பேரும் ஊரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி ஊர், இரண்டாவது கேள்வி என்ன ஆளுங்க என்பது. இரண்டும் வராத ஓர் அறையில் சித்தப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பேசுகிறவர் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பார். நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் ‘இன்னைக்குக் கேட்டுக்கறேன்’ என்று சொன்னால் போதும். சித்தப்பா நான்கு வாரம் அதைத்தான் சொன்னார். ஐந்தாவது வாரம் நான் வெளியே நின்றிருந்தேன். குளோஸ்டு மீட்டிங். என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எவர்சில்வர் டப்பா சுற்றி வரும். பத்து ரூபாய் போடுவார்கள், போடாமலும் இருப்பார்கள். வாடகைக்கும் டீக்கும் அதுதான். குடியை விட்டு ஒரு வருடம் ஆனவருக்கு அன்றைக்குப் ‘பிறந்த நாள்’. கேக் வெட்டுவார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் ‘எனக்கு ரெண்டு வயசு’ என்று சொல்லி மெழுகுவத்தியை ஊதினால் முதலில் சிரிப்பு வரும். பிறகு வராது.

ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு இது எனக்குச் சரிப்படாது என்று முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, தொனி வேறு. குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் இரண்டு மூன்று குழுக்களில். ஆரம்பத்தில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கோவை டவுனில் இருப்பவருக்கு அது நடக்கலாம், எருத்தேம்பதியில் இருப்பவருக்குக் கிழமைக்கு ஒன்றே பெரும் பாடு. மிச்ச நாளுக்குப் போனில் கூட்டம். கொரோனா காலத்துக்குப் பிறகு ஆன்லைனில் தமிழிலேயே நடக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நேரம் பார்க்கும்போது, எப்போது குடிப்பீர்களோ அந்த நேரத்துக் கூட்டத்தைப் பிடியுங்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வருகிற ஊரில் சனி சாயங்காலமும் ஞாயிறும்தான் கண்டம். பஸ் எந்த வழியாகப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை.

மறுபடி குடித்துவிட்டால்? அவர்கள் பாசையில் அது ‘ஸ்லிப்’. ஒருவர் திரும்பி வந்து ‘இன்னைக்கு எனக்கு முதல் நாள்’ என்றால் கைதட்டுகிறார்கள். நம் வீடுகளில் அதற்குக் கிடைப்பது வேறு. வீட்டாருக்கும் தனிக் கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர். 1951-இல், நான் மேலே சொன்ன பங்குச் சந்தைக்காரரின் மனைவி தொடங்கியது. சித்தி போகவில்லை. “அவரு குடிச்சதுக்கு நான் எதுக்கு மீட்டிங்குக்குப் போறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. குடிக்கிற பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் கரடு. பெரும்பாலான அறைகளில் ஆண்கள் மட்டும். அவர்களுக்கு முதல் வாசல் டாக்டரும் ஆன்லைன் கூட்டமும்தான் என்று நினைக்கிறேன்.

சமீபத்தில் ஒரு தடவை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கிழக்கே போகிற பஸ் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு முன் சீட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர். டாஸ்மாக் ஸ்டாப் வந்ததும் எழுந்தார்கள். ஒருவர் திரும்பி, “என்னங்ணா, எறங்கலீங்களா?” என்றார்.

சித்தப்பா டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். “நமக்கு இன்னும் மூணு ஸ்டாப்பு இருக்குது” என்றார்.